பத்தாம் வகுப்பு யாருக்கு?

1

தலித் தன்வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு ஆள் இருக்கிறார். அவருக்குப் பெயர்கூடத் தேவையில்லை. ‘பெரிய வாத்தியார்’ என்றாலே நமக்குத் தெரிந்துவிடும். பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில், விளையாட்டில் விழுந்த ஒரு தேங்காய்க்காகச் சிறுமியைத் திருடி ஆக்கி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சாதியைச் சொல்லித் திட்டி, வகுப்புக்குள் விடாமல் நிறுத்துகிறவர் அவர். பங்குச் சாமியாரிடம் ஓடிப்போய்க் கடிதம் வாங்கி வந்த பிறகுதான் உள்ளே விடுகிறார். ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ (1997) நூலில், படிக்க வந்த பையன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் பெருக்கச் சொல்கிறவரும் அவர்தான். அம்பேத்கர் சிறுவயதில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியாக உட்கார்ந்து படித்தாரே, அந்தப் பள்ளிக்கும் ஒரு தலைமையாசிரியர் இருந்திருப்பார். கோணி எந்த மூலையில் கிடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது.

பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை, தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். துடைப்பம் போய் பிரஷ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆளைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும், பிள்ளையின் பக்கத்திலிருந்து மட்டும். வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளை வளர்ந்து, எம்.ஏ., பி.எட். முடித்து, அதே மாதிரிப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனால் என்ன ஆகிறது? அப்போது பெரிய வாத்தியார் யார்? ராஜ் கௌதமனின் ‘காலச்சுமை’ (2003) கல்லூரி வேலைக்குள் நுழைந்த தலித்தின் அனுபவத்தைச் சொல்கிறது. ‘கருக்கு’விலேயே பாமா ஆசிரியராக இருந்த நாட்கள் வருகின்றன. ஆனாலும் ஓர் அரசுப் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் தலித் ஆசிரியர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், எப்படி வளர்கிறார், எப்படி வளரவிடாமல் வைக்கப்படுகிறார் என்பதை நம் எழுத்து போதுமான அளவு தொடவில்லை. இத்தனைக்கும் நம்மில் எத்தனையோ பேர் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறோம்.

ஏன் தொடவில்லை? சம்பளம் வாங்குகிற இடத்தைப் பற்றி எழுதினால் பதினேழு பி வரும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு நடந்ததை அவமானம் என்று சொல்ல நமக்கு வார்த்தை இருக்கிறது. ஆசிரியருக்கு நடப்பதோ ‘நிர்வாகம்’ என்ற பெயரில் நடக்கிறது. வேலைப் பங்கீடு, கால அட்டவணை, பயிற்சிக்கு அனுப்புவது, வகுப்பைப் பார்வையிடுவது. இதிலெல்லாம் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டுவது கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையை இங்கே கொஞ்சம் செய்துபார்க்கிறேன்.

2

ஆசிரியர்களின் தொழில்சார் வளர்ச்சி, அதற்குத் தலைமையாசிரியர் எப்படித் துணை நிற்க வேண்டும் என்கிற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் தன் வளர்ச்சிக்கான பயிற்சியில் இருக்க வேண்டும் என்கிறது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை. தலைமையாசிரியர்களுக்கும் அதே 50 மணி நேரம். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் ஒன்றிய அரசு சுமார் 42 லட்சம் பேரை இலக்காக வைத்து ‘நிஷ்தா’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. தமிழ்நாடு அந்தக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் பயிற்சிக்கு இங்கும் பஞ்சமில்லை. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அனைவருக்கும் கல்வி இயக்கத்தோடு வந்த வட்டார வள மையம், குறுவள மையக் கூட்டங்கள், 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும். ஒவ்வொன்றும் ஒரு கட்டு கையேட்டோடுதான் வந்தது.

இந்த மாதிரிக் கையேடுகள் சிலவற்றை உட்கார்ந்து படித்தேன். ஒரு பிரதியாக, ஒரு கதையைப் படிக்கிற மாதிரி. அவற்றில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் குற்றம் கண்டுபிடிக்கிற அதிகாரியாக இல்லாமல் கூடவே கற்கிறவராக இருக்க வேண்டும், வகுப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும், புதிதாக ஒன்றைச் செய்து தோற்றுப்போகவும் இடம் கொடுக்க வேண்டும். எல்லாம் சரி. இதில் பாதி நடந்தாலே நம் பள்ளிகள் உருப்படும்.

ஆனால் இந்தக் கதையில் வருகிற ஆசிரியருக்குச் சாதி இல்லை. பள்ளி இருக்கிற ஊருக்குச் சேரி இல்லை. எச்.எம். வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை போகும், ஸ்டாஃப் ரூமில் யார் டிபன் பாக்ஸிலிருந்து யார் எடுத்துச் சாப்பிடுவார்கள் என்கிற விஷயமே இல்லை. வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, நடுவில் ‘ஆசிரியர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஆசிரியர் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. பெயரில்லாத அந்த இடத்தில் யார் போய் உட்காருவார் என்பது நமக்குத் தெரியாதா?

ஓர் ஆசிரியர் வளர்வதும் தேங்குவதும் ஜூன் மாதக் கால அட்டவணையில் முடிவாகிறது. நான் சொல்ல வந்தது இதுதான். எப்படி என்று கேட்பீர்கள். உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். பொதுத்தேர்வு முடிவு வந்தால் அவர் பெயர் சொல்கிறார்கள். ஊரில் பெற்றோர் அவரைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விடைத்தாள் திருத்துகிற முகாமுக்கு அவர் போகிறார். முகாமில் நூறு பள்ளி ஆசிரியர்களைச் சந்திக்கிறார். எந்த விடைக்கு ஏன் மதிப்பெண், பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைக் கட்டுக் கட்டாகப் பார்த்துப் படிக்கிறார். எந்தப் பயிற்சி மண்டபத்திலும் கிடைக்காத படிப்பு அது. அப்புறம் மாவட்ட அளவில் ‘கருத்தாளர்’ வேண்டுமென்றால் யாரை அனுப்புவார்கள்? அவரைத்தான். நல்லாசிரியர் விருதுக்கு யார் பெயர் போகும்? அவர் பெயர்தான். இந்த ஏணியின் முதல் படி எச்.எம். மேசைமேல் இருக்கிறது. அந்தப் படியில் கால் வைக்க விடவில்லையென்றால் 50 மணி நேரம் என்ன, 500 மணி நேரம் பயிற்சி கொடுத்தும் பிரயோஜனமில்லை.

3

என் கதையைச் சொல்கிறேன். 2016-ல் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்துக்குத் தமிழ் எடுக்கப் போனேன். எச்.எம். நல்லவர்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் அவரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். கத்த மாட்டார். யாரையும் சாதி சொல்லிப் பேச மாட்டார். மத்தவங்க எல்லாரையும் ‘சார்’, ‘டீச்சர்’னு கூப்பிடுவார். என்னை மட்டும் ‘ஏம்மா’. பாசம்னு நெனச்சேன். என்னோட அதே வாரத்துல, அதே சம்பளத்துக்கு, சமூக அறிவியலுக்கு ஒருத்தங்க சேந்தாங்க. என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க. ஊர்ப் பெரிய வீட்டுப் பொண்ணு. அவங்க ‘டீச்சர்’தான். இதைக் கவனிக்கவே எனக்கு ஒரு பருவம் ஆச்சு.

கால அட்டவணை ஒட்டினாங்க. அவங்களுக்கு ஒன்பதும் பத்தும். எனக்கு ஆறு, ஏழு. கூடவே நூலக வகுப்பு, நீதிபோதனை, யாராவது லீவு போட்டா அந்த வகுப்பு. நேரா போய்க் கேட்டேன்.

“சார், பத்தாம் வகுப்புத் தமிழ்ல ஒரு பிரிவு எனக்குக் குடுங்க.”

“ஏம்மா, உனக்கெதுக்கு அந்த டென்ஷன்? ரிசல்ட் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ நல்லாப் பாடுற. ஆண்டு விழாவுக்குப் பிள்ளைங்களைத் தயார் பண்ணு. அப்புறம் அந்த ஸ்காலர்ஷிப் ஃபாரம் எல்லாம் கெடக்கு பாரு, அதையும் நீயே பாத்துக்க. உங்க பக்கத்துப் பிள்ளைங்கதான. வீடெல்லாம் உனக்குத் தெரியும்.”

எல்லாமே எனக்குச் செய்கிற நல்லது மாதிரிதான் வந்தது. சுமையைக் குறைக்கிறாராம். நான் பாடுவேன், அதனால் ஆண்டு விழா. எனக்குச் சேரியில் வீடு தெரியும், அதனால் உதவித்தொகைப் படிவம், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் நகல். ரெண்டு வருஷத்தில் நான் எதில் தேர்ந்தேன்? படிவம் நிரப்புவதில் தேர்ந்தேன். தப்பட்டைக்கு ஆடப் பிள்ளைகளைப் பழக்குவதில் தேர்ந்தேன். தமிழ் சொல்லிக்கொடுப்பதில் நான் போன அன்றைக்கு எங்கே நின்றேனோ அங்கேயே நின்றேன்.

தற்காலிக ஆசிரியருக்குப் பொதுத்தேர்வு வகுப்பைக் கொடுக்க யோசிப்பது இயல்புதானே என்று கேட்கலாம். சேர்ந்த அதே வாரம் இன்னொரு தற்காலிக ஆசிரியருக்குக் கொடுத்தார்களே, அதைப் பாருங்கள் என்பேன். நிரந்தரமான நம் தோழர் ஒருவரைக் கேட்டேன். பதினோரு வருஷம் சர்வீஸ். கணக்கு வாத்தியார். ஒரு தடவைகூட விடைத்தாள் திருத்தப் போனதில்லை. “கோட்டாவுல வந்தவர்கிட்டக் கணக்கைக் குடுத்து ரிஸ்க் எடுக்க முடியுமான்னு எனக்குக் கேக்குற மாதிரியே பேசுவாங்க, தோழர்” என்றார். பதினோரு வருஷம் எட்டாம் வகுப்புக் கணக்கையே எடுத்தவர் பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறத்தான் செய்வார். தடுமாறினால் ‘பாத்தீங்களா’ என்பார்கள். தகுதி, திறமை என்கிற அந்தப் பழைய பல்லவியை இப்படித்தான் பள்ளிக்குள்ளேயே தயாரிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். எச்.எம். நம் ஆளாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தலித். அங்கேயும் பத்தாம் வகுப்பு நம் ஆட்களுக்கு இல்லை. கேட்டதற்கு, “நான் குடுத்தா ‘அவங்க ஆளுக்குக் குடுத்துட்டாரு’ன்னு மனு போடுவாங்கம்மா” என்றார். பயந்துகொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது யார்?

என் வகுப்பை எச்.எம். ஒரே ஒரு தடவை வந்து பார்த்தார். ஏழாம் வகுப்பு. வயலைப் பற்றிய ஒரு செய்யுள். நாற்று நடுவதிலிருந்து களத்துமேடு வரைக்கும் அவங்கவங்க வீட்டுல என்ன சொல் சொல்றாங்கன்னு பிள்ளைகளைக் கேட்டுக்கிட்டிருந்தேன். சேரிப் பிள்ளைகள்தான் போட்டி போட்டுக்கிட்டுச் சொன்னாங்க. அறுப்புக்குப் போறது அவங்க வீட்டு ஆளுங்கதானே! ஒரு சொல்லுக்கு நாலு சொல் வந்தது. நான் அதையெல்லாம் பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து போகும்போது என் பாடக்குறிப்பு ஏட்டில் எழுதினார்: ‘உச்சரிப்பில் கவனம் தேவை. கொச்சை தவிர்க்கவும்.’

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியும். வட்டார வழக்கு என்றால் என்ன, அகராதிக்குச் சொல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பேசவில்லை. அடுத்த மூணு மாசம் வகுப்பில் புத்தகத் தமிழில்தான் பேசினேன். பிள்ளைங்க வாய் மூடிருச்சு. ஒரு தலைமையாசிரியர் எழுதின ஒரு வரி முதலில் ஆசிரியரைச் சுருக்கியது, அப்புறம் இருபது பிள்ளைகளைச் சுருக்கியது. என் குற்றமும் இதில் உண்டு. நான் பயந்தேன்.

4

2019-ல் ஓர் ஆதிதிராவிடர் நல உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன், அதுவும் தற்காலிகம்தான். இந்தப் பள்ளிகளின் வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளிலிருந்து வந்தவை. பொதுப் பள்ளிகளின் கதவு நமக்குச் சாத்தியிருந்த காலத்தில் நமக்கென்று திறந்தவை. இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இவற்றின் ஒரு கோளாறு அதிகம் பேசப்படுவதில்லை. இங்கே மேலதிகாரி என்று வருகிறவர் பெரும்பாலும் வருவாய்த் துறை ஆள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், அவருக்குக் கீழே தனி வட்டாட்சியர். வந்தால் பதிவேட்டைப் பார்ப்பார், விடுதியில் அரிசி இருப்பைப் பார்ப்பார், சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்க அவருக்குத் தெரியாது, அது அவர் வேலையும் இல்லை. ஆசிரியரையே விடுதிக் காப்பாளராகவும் போட்டுவிடுவார்கள். ஆகவே இந்தப் பள்ளிகளில் ஆசிரியர் வளர வேண்டும் என்றால் அதைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான், தலைமையாசிரியர்.

அந்தப் பள்ளியின் பெரிய டீச்சர் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்தவர். இயக்கம், கொள்கை என்றெல்லாம் பேசுகிறவர் இல்லை. போன மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டார்.

“பத்தாம் வகுப்பு எடுத்திருக்கீங்களா டீச்சர்?”

“இல்லீங்க டீச்சர்.”

“அப்ப இந்த வருஷம் எடுங்க. எடுக்காம எப்படித் தெரியும்? ஒரு பிரிவு நீங்க, ஒரு பிரிவு பழைய டீச்சர். புதன்கிழமை நாலாவது பீரியட் ரெண்டு பேருக்கும் வகுப்பு போடல. அன்னிக்கு உக்காந்து பேசிக்கங்க.”

அவ்வளவுதான். இதற்குப் பெயர் தொழில்சார் வளர்ச்சி என்று அவருக்குத் தெரியுமோ என்னமோ. ஆனால் கால அட்டவணையில் ரெண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு பீரியடைக் காலியாக விட வேண்டுமென்றால் எவ்வளவு கணக்குப் போட வேண்டும் என்பது வாத்தியார்களுக்குத் தெரியும்.

அவர் செய்த மற்ற காரியங்களையும் எழுதிவைக்கிறேன். யாராவது செய்துபார்க்கலாம். அவரே எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். மாசம் ஒரு நாள் எங்களைத் தன் வகுப்பில் வந்து உட்காரச் சொல்வார். “என்ன தப்புன்னு எழுதிட்டு வாங்க, சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொல்லக் கூடாது.” எச்.எம். வகுப்பில் குறை சொல்லிப் பழகின பிறகு நம் வகுப்பில் குறை கேட்கப் பயம் போய்விட்டது. பயிற்சிக்கு யார் எப்போது போனார்கள், அடுத்த முறை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். போய் வந்தவர் ஒரு வாரத்துக்குள் அதை வகுப்பில் செய்துகாட்ட வேண்டும். உதவித்தொகை வேலை எல்லாருக்கும் முறை வைத்து வந்தது. எமிஸில் பதிவு ஏற்றுவதும் அப்படித்தான். அதிகாரி வந்து சத்தம் போட்டால் “அது என் பொறுப்பு சார், மெமோ எனக்குக் குடுங்க” என்று முன்னால் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாத்தியார் வகுப்பில் புதிதாக ஒன்றைச் செய்துபார்ப்பார்.

என் வகுப்பையும் வந்து பார்த்தார். கையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூப்பிட்டு, “டீச்சர், நீங்க முப்பத்திரண்டு நிமிஷம் பேசினீங்க. பிள்ளைங்க எல்லாம் சேந்து மூணு நிமிஷம். அதுவும் நாலு பேருதான் பேசினாங்க. மத்தவங்க யாரு, ஏன் பேசலன்னு பாருங்க” என்றார். என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. போன பள்ளியில் வாங்கின அடியில் நானே புத்தகத் தமிழுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் செய்யுளை மூடி வைத்துவிட்டு, அவங்க வீட்டுச் சொல்லிலிருந்து ஆரம்பித்தேன். முதல் மாதம் சொதப்பல்தான். பாடம் ஓடவில்லை. பழைய டீச்சரிடம் புதன்கிழமைதோறும் போய் அழுதேன். அரையாண்டுக்குள் ஏதோ பிடிபட்டது.

ரிசல்ட் என்ன என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லாருக்கும் தேர்ச்சி. என் ஒன்பது மாச வேலைக்கு மதிப்பெண் சாட்சி கிடையாது. எனக்கு அதில் வருத்தமில்லை. நான் ஆசிரியரானது அந்த ஒன்பது மாசத்தில்தான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெரிய டீச்சரைத் தலையில் தூக்கி வைத்து ஆட நான் இதை எழுதவில்லை. அவர் சாதியைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. விடுதிப் பிள்ளையை ஊர்க் கடைக்காரர் சாதி சொல்லித் திட்டியபோது, “பெரிசு பண்ணாதீங்க” என்றுதான் சொன்னார். நான் சண்டை போட்டேன். அப்புறம், அவர் மாறுதலில் போனதும் எல்லாமே போய்விட்டது. சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டார்கள். புதன்கிழமை நாலாவது பீரியடுக்கு வகுப்பு வந்துவிட்டது. ஒரு நல்ல மனுஷியோடு வந்து அவரோடு போகிற வளர்ச்சியை நம்பி நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

5

ஆகவே கேள்வி நல்ல எச்.எம்., கெட்ட எச்.எம். என்பதில் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்துகிற சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ போடக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, ஆசிரியர்களுக்குச் சமூக நீதி குறித்த பயிற்சி வேண்டும், பி.எட். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. வந்த உடனே எதிர்ப்பும் வந்தது. யார் எதிர்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பரிந்துரை சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போதாது. நாற்காலியில் உட்காருகிற ஆளை மாற்றினாலும், கதவைச் சாத்திக்கொண்டு கால அட்டவணை எழுதுகிற அதிகாரம் அப்படியே இருந்தால் பயந்த நம் ஆள்கூட அதையேதான் செய்வார். அந்த அதிகாரத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொதுத்தேர்வு வகுப்புகள் சுழற்சியில் வரட்டும். யாருக்கு ஏன் என்று எழுதி ஒட்டட்டும். புதியவரைத் தனியே விடாமல் அனுபவமுள்ளவரோடு சேர்த்துப் போடட்டும். பயிற்சிக்கும் விடைத்தாள் திருத்தவும் போனவர் பட்டியல் சுவரில் இருக்கட்டும். வகுப்பைப் பார்த்துவிட்டு எச்.எம். எழுதுகிற குறிப்புக்கு ஆசிரியர் பக்கத்திலேயே பதில் எழுத இடம் இருக்கட்டும். எச்.எம். தானும் ஒரு வகுப்பு எடுக்கட்டும். இதற்கெல்லாம் பெரிய நிதி எதுவும் வேண்டாம்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நமக்குள்ளேயே ரெண்டு கருத்து இருந்தது. நிலமும் சொத்தும் கைவிட்டுப் போகும் என்று ஒரு தரப்பு, பொது நீரோட்டத்துக்கு வரட்டும் என்று ஒரு தரப்பு. இரண்டு தரப்பும் பள்ளியைப் பற்றிப் பேசியது. உள்ளே இருக்கிற ஆசிரியர் எப்படி வளர்வார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும், பாடம் தெரிந்த ஆள் ஒருவர் மாசம் ஒருமுறை வந்து அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவாரா என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால்தான் வேலையில் தொடரலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஸ்டாஃப் ரூமெல்லாம் நடுங்கிப்போனது. அந்த நேரத்தில் ஒரு எச்.எம். என்ன செய்யலாம்? “பாஸ் பண்ணலன்னா வீட்டுக்குத்தான்” என்று சொல்லிச் சிரிக்கலாம். அல்லது சாயங்காலம் ஒரு அறையைத் திறந்துவிட்டு, கணக்கு தெரிந்தவர் கணக்கு, தமிழ் தெரிந்தவர் தமிழ் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். காசு கொடுத்துக் கோச்சிங் போக முடிந்தவர் எப்படியும் படித்துக்கொள்வார். முடியாதவரும் அந்த ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார்.

ஆசிரியரை உருவாக்குவது நமக்குப் புதிய சங்கதி இல்லை. 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, ஆசிரியை எங்கே கிடைப்பார் என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. எழுத்தறியாத சாவித்ரிபாயைப் படிக்க வைத்தார். அவர் அகமத்நகரிலும் புனேயிலும் ஆசிரியர் பயிற்சி பெற்றார். தெருவில் சாணியும் கல்லும் வீசினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தார். ‘இவருக்குக் கொடுத்தால் ரிசல்ட் போய்விடும்’ என்று ஜோதிராவ் நினைத்திருந்தால் அந்தப் பள்ளி நடந்திருக்காது.

6

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இலக்கியத்தில் பிள்ளையின் அழுகை பதிவாகிவிட்டது. ஆசிரியரின் மௌனம் இன்னும் பதிவாகவில்லை. பயமாக இருந்தால் பள்ளிப் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். எத்தனை வருஷம், எந்த வகுப்பு, என்ன வேலை கொடுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், இவ்வளவு போதும். நல்லது செய்த எச்.எம். இருந்தால் அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். அதுவும் நமக்கு வேண்டும்.

வருகிற ஜூனில் உங்கள் பள்ளியில் கால அட்டவணை ஒட்டுவார்கள். கூட்டம் கலைந்த பிறகு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நில்லுங்கள். எந்தப் பெயர் எந்த வகுப்புக்கு நேராக இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துத் தாள் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் எச்.எம். அறைக்குப் போய், ஏன் என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். ரெண்டு பேராகப் போங்கள்.